கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேராசிரியராக விரும்புகிறவர்களுக்கு

எம்.இ. முடித்த கையோடு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். பிஎச்.டி.க்குப் பகுதி நேரமாகப் பதிந்துவைத்தேன். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பு. அதற்கு மேல் லேப், இன்டர்னல் தாள் திருத்தம், படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் என்பிஏ குழு வருகிறது என்றால் இரவு ஒன்பது வரை ஃபைல் வேலை, கோடையில் அட்மிஷனுக்காகப் பள்ளி பள்ளியாக அலைச்சல். நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. அத்தனை நாளில் நான் முழுதாகப் புரிந்து படித்த ஆய்வுக் கட்டுரைகள் பதினொன்று. எழுதியது ஒன்றுகூட இல்லை. பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேர ஆய்வு மாணவனாகப் போனேன். அப்போது வயது முப்பது. கூடப் படித்தவர்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இ.இ.இ., இ.ஐ.இ., ஐ.சி.இ. என்ற எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்புகளில் இருக்கிற பிள்ளைகள் யாராவது “சார், கன்ட்ரோல்ல புரொஃபசர் ஆகணும், என்ன பண்ணணும்?” என்று கேட்டால், முதலில் இந்த நான்கு ஆண்டுகளைத்தான் சொல்கிறேன். எந்திரங்களைத் தாமே சீராக ஓடவைக்கும் இந்தத் துறையில் ஆய்வுக்கு வேண்டியது கணிதம். கணிதத்துக்கு வேண்டியது இடையில் யாரும் கூப்பிடாத நீண்ட மணி நேரங்கள். வேலைக்குப் போய்விட்டால் அவை கிடைக்காது. எனவே வரிசை இதுதான்: முதலில் கணிதம், அடுத்து முழுநேர பிஎச்.டி., அதன் பிறகு வேலை. குடும்ப நிலை காரணமாக இந்த வரிசை எல்லோருக்கும் அமையாது என்பது எனக்குத் தெரியும். அமைத்துக்கொள்ள ஒரு சதவீத வாய்ப்பு இருந்தாலும் அதற்காகப் போராடுங்கள்.

இது உங்களுக்கான துறையா என்று பாருங்கள்

மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுகிறோம். தண்ணீர் வழிந்து கொட்டும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நிறுத்துகிறோம். அங்கே சென்சாரும் நாம்தான், கன்ட்ரோலரும் நாம்தான். அதே தொட்டியில் மிதவை வால்வு இருந்தால் தண்ணீர் ஏற ஏற மிதவை எழும்பி வரத்தை அடைத்துவிடும். வெளிவந்த அளவைப் பார்த்து உள்ளே போகும் அளவை மாற்றுவதுதான் பின்னூட்டம். துறை முழுவதும் இந்த ஒரு எண்ணத்தில் கட்டப்பட்டது.

எண்ணம் எளிது, ஆனால் விளைவு எளிதல்ல. பின்னூட்டம் கொஞ்சம் தாமதமாக வந்தாலோ, அளவுக்கு மீறி வலுவாக இருந்தாலோ, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எந்திரமும் ஆட ஆரம்பித்துவிடும். நீராவி எந்திரத்தின் வேகக் கட்டுப்படுத்தி ஏன் சில நேரம் ஆடுகிறது என்று ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் சமன்பாடு எழுதி ஆராய்ந்தார். 1927இல் பெல் ஆய்வகத்தின் ஹரால்டு பிளாக் எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியைக் கண்டறிந்தார். அது எப்போது நிலையாக இருக்கும் என்பதற்கு 1932இல் நைக்விஸ்ட் விடை தந்தார். 1960இல் கால்மன் எழுதிய கட்டுரைகளோடு, அமைப்பின் உள்நிலைகளை அணிகளால் எழுதும் ஸ்டேட் ஸ்பேஸ் முறை துறையின் மையத்துக்கு வந்தது. நிலைப்புத்தன்மைக்கு நாம் இன்றும் பயன்படுத்தும் லியபுனோவ் முறையோ 1892இல் ரஷ்யாவில் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டிலிருந்து வந்தது.

இவை எல்லாவற்றிலும் கேட்கப்பட்டது ஒரே மாதிரிக் கேள்வி: இந்த அமைப்பு நிலையாக இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? “முடியும், இதோ நிரூபணம்” என்று சொல்வதில் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டா என்று பாருங்கள். சர்க்யூட் பிடிக்கும், நிரூபணம் பிடிக்காது என்றால் பவர் எலக்ட்ரானிக்ஸ், டிரைவ்ஸ் பக்கம் போகலாம். அங்கேயும் கன்ட்ரோல் உண்டு, நல்ல வேலையும் உண்டு.

இளநிலையில் செய்ய வேண்டியது: கணிதத்தைக் கைவசப்படுத்துவது

பி.இ.யில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஒரு செமஸ்டர் வரும். பிளாக் டயக்ராம் ரிடக்‌ஷன், ரூத் அட்டவணை, ரூட் லோகஸ், போடே பிளாட். பதின்மூன்று மதிப்பெண் கேள்விக்கு வரைந்து தள்ளிவிட்டு வந்துவிடுகிறோம். அதில் உயர்ந்த எஸ் கிரேடு எடுத்தவர்கள்கூட ஆய்வுக்கு வந்ததும் திணறுவார்கள். நானும் திணறினேன். அந்தப் பாடத்துக்கு அடியில் இருக்கும் கணிதத்தை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை.

நேரியல் இயற்கணிதம் முதலில் வேண்டும். அணிகளைப் பெருக்கத் தெரிவது மட்டும் போதாது. ஓர் அணி ஒரு வெளியை எங்கே கொண்டு போகிறது, எதை அழிக்கிறது, ஐகன் வெக்டர் திசையில் ஏன் எல்லாம் எளிதாகிறது என்பது படமாகத் தெரிய வேண்டும். அடுத்து வகைக்கெழுச் சமன்பாடுகள். சூத்திரம் போட்டுத் தீர்க்கிற வகையை விட, தீர்க்காமலேயே தீர்வின் போக்கைச் சொல்கிற வகை முக்கியம். மூன்றாவது ரியல் அனாலிசிஸ். எப்சிலான், டெல்டா என்று தொடங்கும் இந்தப் பாடத்தைப் பொறியியல் மாணவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். கணிதத் துறையில் பி.எஸ்சி. படிக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவரோடு உட்காருங்கள். நிகழ்தகவும் உகப்பாக்கமும் இதற்குப் பிறகு வரலாம்.

பணம் ஒரு தடையே இல்லை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடிஇஎல் தளத்தில் கன்ட்ரோல், நேரியல் இயற்கணிதம், நேரிலி அமைப்புகள் என எல்லாவற்றுக்கும் முழு வகுப்புகள் இலவசம். சான்றிதழுக்காக ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு வகுப்பைப் பார்த்த பிறகு கணினியை மூடிவிட்டு, அதில் வந்த தேற்றத்தை வெள்ளைத் தாளில் நீங்களே நிரூபித்துப் பாருங்கள். முதல் மாதம் பத்தில் ஒன்றுதான் வரும். ஓர் ஆண்டு விடாமல் செய்தால் பாதிக்கு மேல் வரும்.

உங்களைச் சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி தருகிறேன். நேர்முகத் தேர்வுகளில் நான் பல தடவை கேட்டது. ஓர் அமைப்பின் அணி நேரத்தோடு மாறுகிறது. ஆனால் எந்தக் கணத்தில் பார்த்தாலும் அதன் ஐகன் மதிப்புகள் எல்லாம் கலப்பெண் தளத்தின் இடப்பக்கமே இருக்கின்றன. அமைப்பு நிலையானதா? “ஆமாம் சார்” என்று உடனே சொல்பவர்கள்தான் அதிகம். நிலையானது என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கு இரண்டு அணியிலேயே எதிர் எடுத்துக்காட்டு உண்டு. அது ஏன் என்று ஒரு வாரம் தேடிப் பார்க்க உங்களுக்குத் தோன்றினால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

கேட் தேர்வு

முதுநிலை, பிஎச்.டி. சேர்க்கைக்கு உதவும் இந்த அகில இந்தியத் தேர்வைப் பற்றிப் பயிற்சி மையங்கள் போதிய அளவு சொல்லிவிடுகின்றன. சுருக்கமாக: மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் இரண்டு தாள்களிலும் கன்ட்ரோல் உண்டு, பொறியியல் கணிதத்துக்கு மட்டும் 13 மதிப்பெண். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். எனவே இறுதி ஆண்டிலேயே எழுதுங்கள். சரியாக வராவிட்டால் அடுத்த ஆண்டு எழுதலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எம்.டெக். வழியா, நேரடி பிஎச்.டி.யா?

கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.யில் 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் 37,000, பிறகு முதுநிலை ஆய்வாளருக்கான எஸ்ஆர்எஃப் 42,000. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 70,000, போகப் போக 80,000 வரை. வீட்டில் பேசும்போது இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். “இன்னும் படிப்பா?” என்று கேட்கிற அப்பாவுக்கு, மாதம் கையில் பணம் வரும் என்று தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் எல்லா முழுநேர ஆய்வாளருக்கும் இந்தத் தொகை கிடைப்பதில்லை என்பதால், சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி நான்கு ஆண்டு இளநிலையில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நேரடியாக பிஎச்.டி. சேரலாம். ஐஐடிகளுக்கு அவரவர் விதி. என் கருத்தில், இளநிலையில் கணிதம் வலுவாக அமைந்தவர்கள் நேரடியாகப் போகலாம். மற்றவர்களுக்கு எம்.டெக். இரண்டு ஆண்டு வீணல்ல. அந்த முதல் ஆண்டுப் பாடங்கள்தான் அடித்தளம்.

இடங்கள் என்று பார்த்தால், ஐஐடி பம்பாயில் சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோலுக்கு என்றே தனி அமைப்பு உண்டு. ஐஐடி மெட்ராஸ், டெல்லி, கரக்பூர், கான்பூர், ஐஐஎஸ்சி ஆகியவற்றில் எலக்ட்ரிக்கல் துறைக்குள்ளேயே வலுவான குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் என்ஐடி திருச்சியின் ஐ.சி.இ. துறை, கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி வளாகம், கோவை பிஎஸ்ஜி டெக் ஆகியவை இந்தத் துறைக்குப் பழகிய இடங்கள். ஆனால் இடத்தை முதலில் பார்க்காதீர்கள்.

கைடைத் தேர்வது

பிஎச்.டி.யில் நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகளில் இதுதான் மிகப் பெரியது. பெரிய நிறுவனத்தில் உங்களைக் கவனிக்காத கைடைவிட, சின்ன நிறுவனத்தில் வாரம் ஒரு மணி நேரம் பலகை முன்னால் உங்களோடு நிற்கிற கைடு ஆயிரம் மடங்கு மேல்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அவருடைய கடைசி ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை எடுங்கள். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எங்கே வந்திருக்கின்றன என்று பாருங்கள். ஐ-டிரிபிள்-ஈ டிரான்சாக்‌ஷன்ஸ் ஆன் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோல், ஆட்டோமேட்டிகா, சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல் லெட்டர்ஸ் ஆகியவை துறையின் மதிப்பான இதழ்கள். பயன்பாட்டு ஆய்வு என்றால் கன்ட்ரோல் இன்ஜினியரிங் பிராக்டிஸ், பவர் பக்கம் பவர் சிஸ்டம்ஸ் இதழ்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு நாற்பது கட்டுரை, எல்லாம் பெயர் தெரியாத இதழ்கள் என்றால் விலகிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அவரிடம் முடித்த மாணவர்களிடம் பேசுங்கள். கைடு நல்லவரா என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: எத்தனை ஆண்டில் முடித்தீர்கள்? பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? ஒரு டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்? முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்த நான்கு கேள்விக்கு வரும் விடையில் எல்லாம் தெரிந்துவிடும்.

மின்னஞ்சல் எழுதும்போது “ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட்” என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பாதீர்கள். அது ஐம்பது பேருக்குமே தெரியும். அவருடைய ஒரு கட்டுரையை எடுத்து, அதில் ஒரு தேற்றத்தை நீங்களே வரி வரியாகச் சரிபார்த்து, எந்த இடத்தில் புரியவில்லை அல்லது எந்த நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று தோன்றியது என்று நான்கு வரி எழுதுங்கள். எனக்கு அப்படி ஒரு கடிதம் ஒருமுறை வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்த பெண் எழுதியது. அவள் கேட்ட கேள்வி தவறான புரிதலிலிருந்து வந்தது. ஆனாலும் அன்றைக்கே பதில் எழுதினேன், ஏனென்றால் அவள் ஏழாம் பக்கம் வரை படித்திருந்தாள்.

வெளிநாடு போவதானால் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். அமெரிக்காவில் பிஎச்.டி. செய்பவர் மாணவர்தான், ஊழியர் அல்ல. ஆசிரிய உதவி, ஆய்வு உதவி வழியாகப் பணம் வரும். முதல் இரண்டு ஆண்டு பாடம் அதிகம். சுவீடன், சுவிட்சர்லாந்து போன்ற இடங்களில் பிஎச்.டி. என்பதே சம்பள வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் முதுநிலை முடித்திருக்க வேண்டும். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1965இல் தன் துறையைத் தொடங்கிய ஆஸ்ட்ரோம், ஹேக்லுண்டோடு சேர்ந்து 1984இல் வெளியிட்ட ரிலே முறைதான் தொழிற்சாலையின் பிஐடி கன்ட்ரோலர்கள் (பிழையின் அளவு, அது சேர்ந்த கணக்கு, அது மாறும் வேகம் மூன்றையும் பார்ப்பவை) தம்மைத்தாமே டியூன் செய்துகொள்ள வழிவகுத்தது. கோட்பாடும் தொழிற்சாலையும் கைகோத்து நடக்கும் இடம் வேண்டுமானால் அந்தப் பக்கம் பாருங்கள்.

ஆய்வு நடக்கும் ஆண்டுகள்

முதல் ஆண்டு கோர்ஸ் வொர்க், காம்ப்ரிஹென்சிவ் தேர்வு, ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி மீட்டிங் என்று போய்விடும். இரண்டாம் ஆண்டில்தான் பயம் வரும். தலைப்பு இருக்கும், முடிவு எதுவும் வராது. எல்லோருக்கும் வரும் பயம்தான் இது. அந்த நேரத்தில் புதிய தலைப்புக்குத் தாவாதீர்கள். ஏற்கெனவே வந்த ஒரு நல்ல முடிவை எடுத்து, அதன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எந்த நிபந்தனையை எடுத்தால் தேற்றம் உடைகிறதோ அங்கேதான் உங்கள் ஆய்வு தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. எல்க்யூஆர் என்ற உகந்த கன்ட்ரோலருக்கு 60 டிகிரி ஃபேஸ் மார்ஜின், அதாவது ஆட்டம் தொடங்குமுன் தாங்கக்கூடிய தாமத வரம்பு, உறுதி என்று 1970களில் நிரூபித்திருந்தார்கள். அந்தக் கன்ட்ரோலரோடு, இரைச்சல் கலந்த அளவீட்டிலிருந்து உள்நிலையை மதிப்பிடும் கால்மன் ஃபில்ட்டரைச் சேர்த்தாலும் அப்படி ஓர் உறுதி இருக்கும் என்று பலர் நம்பினார்கள். 1978இல் ஜான் டாயில் இரண்டே பக்கத்தில் ஓர் எதிர் எடுத்துக்காட்டு தந்து அப்படி எந்த உறுதியும் இல்லை என்று காட்டினார். அந்தக் கட்டுரையின் சுருக்கவுரை ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். அதன் பிறகு, மாதிரி சற்றுத் தவறினாலும் தாங்கும் கன்ட்ரோலைத் தேடும் ரோபஸ்ட் கன்ட்ரோல் என்ற கிளை வேகம் பிடித்தது. “பிறர் உறுதி என்று நம்புவதைச் சரிபார்ப்பதும் ஆய்வுதான்” என்று என் மாணவர்களுக்கு அந்த இரண்டு பக்கங்களைக் கொடுத்துத்தான் சொல்கிறேன்.

என் அனுபவம் இதற்கு நேர் எதிர். ஆறு மாதம் உழைத்து ஒரு லியபுனோவ் நிரூபணத்தை எழுதி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து ரிவ்யூ வந்தது. மூன்றாவது ரிவ்யூவர் ஒரே வரி எழுதியிருந்தார். இன்ன சமன்பாட்டில் இரண்டு அணிகளின் பெருக்கல் வரிசையை மாற்றியிருக்கிறீர்கள், எந்த அடிப்படையில் என்று. அடிப்படை ஏதும் இல்லை. தேற்றம் அன்றோடு போயிற்று. அன்றிலிருந்து எந்த நிரூபணத்தையும் எழுதி முடித்ததும் இரண்டு வாரம் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, பிறகு எதிரியின் கண்ணோடு படிக்கிறேன். சிமுலேஷன் அழகாக வருவதை நிரூபணம் சரி என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அழகாகத்தான் வந்தது. நான் எடுத்துக்கொண்ட எண்களில் அந்த இரண்டு அணிகளும் தற்செயலாக வரிசை மாறினாலும் ஒன்றாகவே பெருகின.

மாநாடுகளில் முதன்மையானது டிசம்பரில் நடக்கும் சிடிசி (கான்ஃபரன்ஸ் ஆன் டிசிஷன் அண்ட் கன்ட்ரோல்). கட்டுரைக்குக் கெடு வழக்கமாக மார்ச் கடைசி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பன்னாட்டுக் கன்ட்ரோல் கூட்டமைப்பான ஐஃபேக்கின் உலக மாநாடு. 1960இல் மாஸ்கோவில் முதல் கூட்டம் நடந்தது. நம் நாட்டிலேயே இந்தியன் கன்ட்ரோல் கான்ஃபரன்ஸ் உண்டு. அதன் முதல் கூட்டம் 2015 ஜனவரியில் ஐஐடி மெட்ராஸில் நடந்தது. முதல் கட்டுரைக்கு அதுதான் மிகப் பொருத்தமான மேடை என்பேன். உள்ளூர்ச் செலவில் போய்வரலாம், உங்கள் துறையின் பெரியவர்கள் எல்லோரையும் தேநீர் இடைவேளையில் பார்க்கலாம். 2017இல் தொடங்கிய ஐ-டிரிபிள்-ஈ கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லெட்டர்ஸ் இன்னொரு நல்ல வழி. ஆறு பக்கம், வேகமான ரிவ்யூ, விரும்பினால் அதையே சிடிசியில் பேசவும் இடம் உண்டு.

காசு கொடுத்தால் கட்டுரையில் பெயர் சேர்த்துத் தருகிறோம் என்று வாட்ஸாப்பில் செய்தி வரும். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை வேண்டும் என்ற நெருக்கடியில் நல்ல மனிதர்களும் அதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். பின்னாளில் நேர்முகத்தில் அந்தக் கட்டுரையின் இரண்டாம் சமன்பாட்டைப் பலகையில் எழுதச் சொல்வார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. திருமணம், குழந்தை என்று இடையில் வரும்போது “பரவாயில்லை, விட்டுவிடு” என்று சொல்லப் பலர் இருப்பார்கள். யுஜிசி விதிகளில் ஆய்வுக் காலத்துக்குள் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முடிக்கும் கெடுவிலும் கூடுதலாக இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. கேட்டு வாங்கலாம், அது உரிமை.

கையில் ஒரு எந்திரம் இருக்கட்டும்

கோட்பாட்டுக்காரர்கள் வன்பொருளைத் தொடவே வேண்டாம் என்று நினைப்பது தவறு. என் மாணவர் ஒருவர் டிசி மோட்டாரின் அச்சு நிற்கும் கோணத்தைக் கட்டுப்படுத்த, பிழையையும் அது சேர்ந்த கணக்கையும் பார்க்கும் பிஐ கன்ட்ரோலர் எழுதினார். சிமுலிங்க் என்ற சிமுலேஷன் மென்பொருளில் அற்புதமாக ஓடியது. லேபில் அச்சைக் கையால் சிறிது நேரம் பிடித்து நிறுத்திவிட்டு விட்டோம். மோட்டார் இலக்கைத் தாண்டிச் சுற்றிக்கொண்டே போயிற்று. பிடித்திருந்த நேரம் முழுக்கப் பிழை உள்ளே சேர்ந்துகொண்டே இருந்தது. டிரைவர் தரக்கூடியதோ 12 வோல்ட்தான். சேர்ந்த கணக்கு தீரும்வரை மோட்டார் நிற்காது. இதற்கு இன்டெக்ரல் விண்டப் என்று பெயர், பாடத்தில் ஒரு வரியில் போய்விடும். அன்றைக்கு அந்தப் பையன் அதைக் கையால் தெரிந்துகொண்டான். அடுத்த ஆறு மாதம் அவன் ஆய்வே அந்த வரம்பைப் பற்றியதாகிவிட்டது.

விலை உயர்ந்த ஆய்வகக் கருவி தேவையில்லை. ஒரு மோட்டார், என்கோடர், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சில ஆயிரம் ரூபாய் போதும். தலைகீழ் ஊசலை நீங்களே செய்து நிற்க வையுங்கள். முதல் தடவை நிற்காது. ஏன் நிற்கவில்லை என்று தேடும்போதுதான் சாம்ப்ளிங் தாமதம், உராய்வு, சென்சார் இரைச்சல் எல்லாம் அறிமுகமாகும்.

வேலை, பதவி, சம்பளம்

தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் 2019 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு போதும். இணைப் பேராசிரியருக்கு பிஎச்.டி., அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் ஆறு கட்டுரை, எட்டு ஆண்டு அனுபவம், அதில் இரண்டு ஆண்டு பிஎச்.டி.க்குப் பிறகு. பேராசிரியருக்குப் பத்து ஆண்டு அனுபவம், அதில் மூன்று ஆண்டு இணைப் பேராசிரியர் நிலையில். அந்த நிலையில் ஆறு கட்டுரையும் பிஎச்.டி. முடித்த இரண்டு மாணவர்களும், அல்லது பத்துக் கட்டுரை.

ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. இணைப் பேராசிரியருக்கு 1,31,400. பேராசிரியருக்கு 1,44,200. ஐஐடிகளில் பிஎச்.டி.யும் மூன்று ஆண்டு அனுபவமும் உள்ள உதவிப் பேராசிரியர் 1,01,500இல் தொடங்குவார், பேராசிரியர் 1,59,100இல். தனியார் கல்லூரிகளில் இந்த எண்கள் காகிதத்தில் மட்டும் இருப்பதுண்டு. சேரும்போது கையில் எவ்வளவு, வங்கி வழியாகவா என்று கேட்கத் தயங்காதீர்கள். சான்றிதழ்களின் மூலத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேராதீர்கள்.

அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக ஆள் எடுப்பார்கள். அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தே வயது போய்விடும், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஐஐடிகள் பலவற்றில் விண்ணப்பம் ஆண்டு முழுதும் திறந்திருக்கும். அங்கே போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் கிட்டத்தட்டக் கட்டாயம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கைடின் நிழலிலிருந்து வெளியே வந்து, வேறு ஒருவரோடு வேறு ஒரு கேள்வியில் வேலை செய்தீர்களா என்பதைத்தான் தேர்வுக் குழு பார்க்கும்.

முதல் இரண்டு ஆண்டு ஆசிரியப் பணி

முதல் வகுப்பில் லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்மோடு தொடங்காதீர்கள். மொட்டை மாடித் தொட்டியோடு தொடங்குங்கள். இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் ஏன் டிக் டிக் என்று அணைந்து எரிகிறது என்று கேளுங்கள். குளியலறையில் ஹீட்டர் தண்ணீரைத் திருப்பும்போது முதலில் குளிர்ந்து, அப்புறம் சுட்டு, மறுபடி குளிர்வது ஏன் என்று கேளுங்கள். தாமதம் உள்ள அமைப்பில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது அங்கேயே புரிந்துவிடும். அதன் பிறகு எழுதும் சமன்பாடு அவர்களுக்குச் சொந்தமாகும்.

வாரத்தில் ஓர் அரை நாளை ஆய்வுக்கு என்று ஒதுக்கி, துறைத் தலைவரிடம் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். “மேடம், புதன்கிழமை மதியம் மட்டும் எனக்கு வகுப்பு வேண்டாம், மற்றதெல்லாம் எங்கே போட்டாலும் சரி” என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் கேட்டால் கிடைக்காது.

ஆய்வு நிதிக்கு, ஒன்றிய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப்பின் இளம் ஆசிரியர் திட்டங்களைப் பாருங்கள். முன்பு செர்ப் என்ற பெயரில் இருந்த பணிகள், 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இதன் கீழ் வந்தன. கல்லூரி ஆய்வுகளுக்கு நிதி தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் கன்ட்ரோல்காரர்களுக்குப் பொருத்தமானது. முதல் முன்மொழிவு நிராகரிக்கப்படும், அநேகமாக இரண்டாவதும். அதில் வரும் குறிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள், மூன்றாவதை அவைதான் எழுதித் தரும்.

தலைப்பு மாறும்

இன்று எல்லோரும் லேர்னிங், டேட்டா டிரிவன் கன்ட்ரோல் என்று தரவிலிருந்து கற்கும் முறைகளைச் சொல்கிறார்கள். பத்து ஆண்டுக்கு முன், பல எந்திரங்கள் சேர்ந்து இயங்கும் மல்ட்டி ஏஜென்ட். அதற்கு முன் ரோபஸ்ட் கன்ட்ரோலின் எச் இன்ஃபினிட்டி. எதைப் பிடிப்பது என்று மாணவர்கள் தவிக்கிறார்கள். சில பெரியவர்களின் பாதையைப் பாருங்கள்.

கும்பட்டி நரேந்திரா 1954இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று ஹார்வர்டு போனவர். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள். ஓடும்போதே தன்னை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் கன்ட்ரோலில் நிலைப்புத்தன்மையை நிறுவியவர்களில் ஒருவர். அதே கருவிகளை எடுத்துக்கொண்டு 1990இல் நியூரல் நெட்வொர்க் வழியே அமைப்புகளைக் கண்டறிந்து கட்டுப்படுத்துவது பற்றி, பார்த்தசாரதியோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். இன்றைய அலைக்குப் பல ஆண்டு முன்பே வந்தது அது.

பி.ஆர். குமார் 1973இல் ஐஐடி மெட்ராஸில் பட்டம் பெற்றவர். தற்செயல் மாற்றங்களைக் கையாளும் ஸ்டோகாஸ்டிக் கன்ட்ரோலில் தொடங்கி வயர்லெஸ் நெட்வொர்க்குக்குப் போனார். மதுகுமல்லி வித்யாசாகர் 1969இல் விஸ்கான்சினில் பிஎச்.டி. முடித்து, கனடாவில் ஏறக்குறைய இருபது ஆண்டு ஆசிரியராக இருந்துவிட்டு, 1989இல் பெங்களூருக்குத் திரும்பி பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ் மையத்தை நடத்தினார். பிறகு தொழில்துறை, மறுபடி பல்கலைக்கழகம். தலைப்பும் இடமும் மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் அவர்கள் கையோடு எடுத்துப் போனது இளமையில் படித்த கணிதம்தான். அதனால் தலைப்பைத் தேர்வதில் மூன்று மாதத்துக்கு மேல் கலங்காதீர்கள். கைடு நல்லவர், கேள்வி உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் தொடங்கிவிடுங்கள்.

இந்த ஆண்டே தொடங்குகிறவர்களுக்கு

கேட் பதிவு வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். ஐஐடிகள் பெரும்பாலானவற்றில் பிஎச்.டி. சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை. ஜூலைச் சேர்க்கைக்கு மார்ச், ஏப்ரலிலும், ஜனவரிச் சேர்க்கைக்கு அக்டோபர், நவம்பரிலும் விண்ணப்பம் வாங்குவார்கள். கைடுக்கு எழுதுவதை அதற்கு மூன்று மாதம் முன்பே செய்யுங்கள். அந்தக் கடிதத்துக்கு ஒரு கட்டுரையை ஏழாம் பக்கம் வரை படித்திருக்க வேண்டும் என்பதால், படிப்பதை இன்றைக்கே தொடங்க வேண்டியிருக்கும்.